பூக்கல் வரைபடமும் வாடிக்கையாளர் விவரமும்: நீங்கள் எதில் குறித்து வைக்கிறீர்கள்?

ஆத்தங்குடிப் பட்டறை எழுதியது:

வணக்கம். குறிப்பெழுத ஒரு செயலி தேடுகிறேன். எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வீர்கள். அதனால் என் வேலை என்ன, அதில் எது நாலு பேர் கண்ணில் பட வேண்டும், எது படக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

என் மாமனாருக்கு ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், செய்கிற பட்டறை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் சாயக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை அலுங்காமல் தூக்கி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை வைத்து அழுத்துவார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சூளை கிடையாது. கண்ணாடியில் பட்ட பக்கம்தான் மினுமினுப்பாக மேலே வரும். அதெல்லாம் பட்டறை ஆட்கள் வேலை. வீட்டுக்குப் போய் அளவெடுப்பது, தரைக்குப் படம் போடுவது, ஆர்டர் எழுதுவது, வெளியூர்க் கொத்தனாருக்கு விளக்குவது என் பொறுப்பு.

கல் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் லாரியில் போகிறது. கூடவே நான் போக முடியாது, என் படம்தான் போகும். ஒரு பூ நாலு கல் சேர்ந்தால் வருவது. ஒவ்வொரு கல்லிலும் கால் பூ. ஒரு கல்லைத் திருப்பி ஒட்டிவிட்டால் அந்தப் பூ போச்சு, ஒட்டியதைப் பெயர்த்தால் ஓரம் உடையும். "பூ இருக்கிற மூலை நடுவைப் பார்க்கணும்" என்று போனில் சொல்லலாம். கேட்கிறவருக்கு எந்த மூலை, எந்த நடு? அதனால் படத்தில் ஒவ்வொரு கல்லிலும் பூவின் மையம் வருகிற மூலையில் கருப்புப் புள்ளி வைக்கிறேன். நாலு புள்ளியும் ஒரே இடத்தில் கூடினால் பூ சரி. தமிழே படிக்கத் தெரியாத ஆள் ஒட்டினாலும் பிசகுவதில்லை.

அளவும் அப்படித்தான். 12 அடி அகல அறை என்றால் 144 அங்குலம். 8 அங்குலக் கல் போட்டால் 18 கல் சரியாக உட்காரும். பார்டருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போனால் நடுவில் 16, அதாவது 8 பூ. அதே அறைக்கு 10 அங்குலக் கல் கேட்டால் 14 கல் போக 4 அங்குலம் மிச்சம். அந்த மிச்சத்தை ஒரே பக்கம் தள்ளினால் உள்ளே நுழைந்ததும் கண்ணை உறுத்தும். ரெண்டு சுவரோரமும் 2 அங்குலம் வெறும் சிவப்புக் கல்லை வெட்டிப் போடச் சொல்வேன். இதை எழுத்தில் புரியவைக்க ஒரு பக்கம் ஆகும். படத்தில் ரெண்டு கோடு.

ஆக, படம் ஊர் ஊராகப் போகத்தான் வேண்டும். மேஸ்திரி கையில், கொத்தனார் கையில், சித்தாள் கையில். அதை ஒளித்து வைத்துப் புண்ணியமில்லை.

ஆனால் தரைக்குப் படம் போட முழு வீட்டையும் பார்த்தாக வேண்டுமே. சாமி அறை எங்கே, பீரோ நிற்கிற சுவர் எது, கொல்லைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எல்லாம் என் குறிப்பில் இருக்கும். "வீட்டுக்காரர் சிங்கப்பூரில், சாவி எதிர்வீட்டில், தை வரை யாரும் வரமாட்டார்கள்" என்பதும் இருக்கும், ஏனென்றால் கல் இறக்க அது எனக்குத் தெரிய வேண்டும்.

சமீபத்தில் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு, தன் வீட்டுப் பிளான் முன்பின் தெரியாத ஒரு கிச்சன் வேலைக்காரர் போனில் இருக்கிறதே, எப்படி என்று கேட்டார். விசாரித்தால், சைட் ஆளிடமிருந்து ஒரு குரூப், அங்கிருந்து இன்னொரு குரூப் என்று போயிருக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த அம்மா தரை போடுவதற்கு மட்டும்தான் தன் வீட்டைத் திறந்து காட்டினார். அந்த நம்பிக்கைக்கு நான் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

இப்போது எல்லாம் நெட்டில் சேமிக்கிற ஒரு குறிப்புச் செயலியில் கிடக்கிறது. அதன் பெயர் வேண்டாம். படம் தாராளமாக வெளியே போக வேண்டும், ஆள் விவரம் என்னைத் தாண்டக் கூடாது. இந்த ரெண்டையும் ஒன்றாகப் பார்க்கிற கருவி ஏதாவது இருக்கிறதா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

தேவகோட்டைக்காரன் எழுதியது:

அக்கா, நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. செயலிக்கு முன்னால் போட்டோவைப் பற்றிச் சொல்கிறேன், கசிவு அங்கேதான் அதிகம்.

போனில் எடுக்கிற ஒவ்வொரு போட்டோவுக்குள்ளும் எக்ஸிஃப் என்று ஒரு தகவல் ஒளிந்திருக்கும். எடுத்த நேரம், போன் மாடல், லொகேஷன் ஆனில் இருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை வரைக்கும். வாட்ஸப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் அது கழன்றுவிடும். ஆனால் படம் தெளிவாக வேண்டும் என்று டாக்குமெண்டாக அனுப்புவோம் பாருங்கள், அப்போது அத்தனையும் கூடவே போகும். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். அளவெடுக்கப் போகிறவருக்கு அது தேவையே இல்லை.

அடுத்து, பெயரை மறைக்கிற விதம். போன் எடிட்டரில் மார்க்கரால் பூசினால் கருப்பாகத் தெரியும். அது முழுக் கருப்பாக இல்லாவிட்டால், வெளிச்சத்தை ஏற்றினால் அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடும். பி.டி.எஃப்-இல் கருப்புப் பட்டை வைத்தாலும் அடியில் எழுத்து அப்படியே இருக்கலாம். 2023-இல் பிக்சல் போன்களில் ஒரு கோளாறு வெளியே வந்தது: ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தாலும் வெட்டிய பகுதியை மீட்க முடிந்தது. அதனால் பெயரை எழுதிவிட்டு மறைக்கிற வேலையே வேண்டாம். வெளியே போகிற படத்தில் பெயர் முதலிலிருந்தே இருக்கக் கூடாது.

இப்போது செயலி. கூகுள் கீப், நோஷன் இரண்டும் வசதிதான், ஆனால் குறிப்புகள் அவர்கள் சர்வரில் அவர்கள் திறக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். எவர்நோட் 2016 டிசம்பரில் தன் ஊழியர்கள் சிலர் குறிப்புகளைப் படிக்க இடம் தருகிற மாதிரி கொள்கையை மாற்றப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அதே எவர்நோட் 2023 கடைசியில் இலவசக் கணக்கை 50 குறிப்புக்குச் சுருக்கியது. இதைச் சொல்வது யாரையும் திட்ட இல்லை. அடுத்தவர் இடத்தில் வைத்தால் விதி அவர்களுடையது, அவ்வளவுதான்.

ஜாப்லின் இலவசம், மூல நிரலும் திறந்தது. ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குக் குறிப்புகள் போகும்போது முழுக்கப் பூட்டிக்கொண்டு போக வைக்கலாம். வழியில் அவற்றை வாங்கி வைக்கிற டிராப்பாக்ஸ் மாதிரிக் கம்பெனியாலும் படிக்க முடியாது. அந்தப் பூட்டை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும், தானாக வராது. அப்சிடியன் குறிப்புகளை உங்கள் சாதனத்திலேயே சாதாரண எழுத்துக் கோப்பாக வைக்கும். நாளைக்கு அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறக்கலாம். அதில் எக்ஸ்காலிட்ரா சேர்த்துக்கொண்டால் கட்டம், புள்ளி எல்லாம் அதிலேயே வரையலாம். ரெண்டுமே போனுக்குள் இருக்கும்போது தனியாகப் பூட்டுவதில்லை. போன் லாக் ஒழுங்காக இருக்க வேண்டும்.

வாட்ஸப் உரையாடல் பூட்டியதுதான், ஆனால் அதன் பேக்கப் தனிக் கதை. பேக்கப்பைப் பூட்டுகிற வசதி 2021-இல் வந்தது, அதையும் கையால்தான் ஆன் செய்ய வேண்டும். வந்த படங்கள் தானாகக் கேலரிக்குப் போவதையும் நிறுத்துங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

நான் வீட்டுக்காரி பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், சென்னையில், ஒரு புள்ளி மலேசியாவில். வருசத்தில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிற வீடு. மற்ற நாளில் நானும் ஒரு வேலையாளும்தான்.

2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. அதற்கு முன்னேயும் பின்னேயும் கேமராவோடு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. முகப்பு, பட்டாலைக் கூடம், உள்முற்றமான வளவு என்று ஒவ்வொன்றையும் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், பர்மாத் தேக்கையும் பூக்கல்லையும் உலகம் பார்க்கட்டும், எனக்குச் சந்தோசம்தான். ஆனால் ரெண்டாங்கட்டு அறைக் கதவின் பூட்டையும் உள்ளே இருக்கும் பெட்டகத்தையும் எடுத்து, ஊர் பெயர், தெரு பெயரோடு போட்டால் என்ன அர்த்தம்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே இருப்பவை பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் தாங்களே விற்றவை. ஆனாலும் ஒரு தூண், மரத்தில் கடைந்த ஒரு மரவைப் பாத்திரம், ஒரு வெண்கலக் குத்துவிளக்குக்கு இன்றைக்கு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். ஆளில்லாத வீட்டை அடையாளம் காட்டக் கூடாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அளவெடுத்துப் போகிறவர்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி தருவதேயில்லை. எங்கள் வளவுத் தரையின் படம் எங்களிடம் இல்லை, யார் யாரிடமோ இருக்கிறது. எங்கள் வீட்டைப் பற்றிய குறிப்பு முதலில் எங்கள் கைக்கு வர வேண்டாமா?

கோட்டையூர்க் கணக்கர் எழுதியது:

தாயி, நான் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. என் தகப்பனார் பினாங்கில் செட்டியார்கள் கடை வைத்திருந்த ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, சேர்ந்து வேலை கற்றவர். உங்கள் கேள்விக்கு விடை அந்தக் காலத்துக் கணக்கிலேயே இருக்கிறது.

அன்றாடம் நடப்பது சிட்டையில் ஏறும். அங்கிருந்து குறிப்பேடு, அப்புறம் ஆள் வாரியாகப் பேரேடு. சிட்டை மேசைமேல் கிடக்கும், பையன்கூட எழுதுவான். பேரேடு அப்படியில்லை, அது பெட்டிக்குள். யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்பது பேரேட்டைத் திறப்பவருக்குத்தான் தெரியும். அதோடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. தாத்தா, அப்பா, மகன் பேர்களின் முதலெழுத்துகளைக் கோத்த மூன்று நான்கு எழுத்து. கடிதத்திலும் கணக்கிலும் அந்த எழுத்துதான் நடமாடும். தெரிந்தவருக்கு முழுக் குடும்பமும் தெரியும், தெரியாதவருக்கு வெறும் எழுத்து.

நீங்களும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறியெழுத்து வையுங்கள். பெயரின் முதலெழுத்து வேண்டாம், அச்சு எண்ணையும் ஆர்டர் வரிசை எண்ணையும் சேர்த்து வையுங்கள். படத்தில், கல்லின் பின்பக்கத்தில், லாரிச் சீட்டில் எல்லாம் அந்தக் குறி மட்டும். குறிக்கு உரியவர் யார் என்பது ஒரே ஒரு பேரேட்டில்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், அதில் எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் ஊர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம், மற்றவர் குப்பையில் போடுகிறதெல்லாம். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, 1994-இல் அதை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் எல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் இன்றைக்கு நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? உங்கள் மாமனார் போட்ட பூ டிசைன்கள் எத்தனை! அவையும் பூட்டுக்குள் போய், சாவி தெரிந்த ஒருவரோடு மறைந்துவிடக் கூடாது. பூட்டுகிறவர் திறக்க ஒருவரையும் நியமித்துவிட வேண்டும்.

ஆத்தங்குடிப் பட்டறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி வெளியே கிடக்கிற சிட்டை, பெட்டிக்குள் இருக்கிற பேரேடு என்று ரெண்டாகப் பிரிப்பது எனக்கு உடனே பிடிபட்டது. நான் ஒரே செயலி ரெண்டையும் செய்யுமா என்று தேடிக்கொண்டிருந்தேன். இப்போது செயலியையே ரெண்டாக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. படங்களும் அச்சு விவரமும் அப்சிடியனில். எந்தச் சாயத்துக்கு எவ்வளவு ஆக்ஸைடு, வெள்ளைச் சிமெண்ட் எவ்வளவு என்பதும் அங்கேயே. பெயர், போன், சாவி இருக்கிற இடம், வீட்டில் ஆள் இருக்கிற நாட்கள் ஜாப்லினில், பூட்டோடு. ரெண்டையும் இணைப்பது குறியெழுத்து மட்டும். கல் இறங்கி, பணம் வந்து, தரை காய்ந்ததும் சாவி, ஆள் விவரங்களை அழித்துவிடுவேன். குறியும் படமும் இருந்தால் போதும், பின்னால் ஒரு கல் உடைந்து மாற்றக் கேட்டாலும் செய்யலாம்.

பூட்டுக்கு ஆள் நியமிப்பதும் சரியே. ஜாப்லின் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி உறையில் போட்டு மாமாவிடம் கொடுக்கிறேன். டிசைன்களைப் பூட்டப் போவதில்லை, ஐயா. அவை எழுத்துக் கோப்பாகவும் படமாகவும் இருக்கும், யார் கேட்டாலும் காட்டுவேன்.

ஆச்சி, நீங்கள் கேட்டதை இத்தனை நாள் யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டியது. இனி தரைப் படத்தின் பிரதி முதலில் வீட்டுக்காரருக்கு, பெரிய தாளில் அச்சடித்து. அப்புறம்தான் சைட்டுக்கு. சைட்டுக்குப் போகிற படத்தில் அந்த அறை மட்டும் இருக்கும், பக்கத்து அறை எது என்பதுகூட இருக்காது. மேஸ்திரிகள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்: வீட்டின் முழுப் பிளான் இல்லாமல் ஒற்றை அறைப் படம் மட்டும் வந்தால் உங்களுக்கு வேலை ஓடுமா?

மானகிரிக் கொத்தனார் எழுதியது:

ஓடும் அக்கா, நல்லாவே ஓடும். எங்களுக்கு வீட்டுக்காரர் பேர் எதுக்கு? ஆனால் படத்தில் சில விசயம் மாற்றணும்.

முதலில் வாசல். நிறையப் பேர் படத்தில் வடக்கு அம்புக்குறி போடுறாங்க. அறைக்குள்ளே நின்றுகொண்டு வடக்கு எது என்று எவன் பார்ப்பான்? வாசல் எந்தச் சுவரில் இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், அதைப் பெரிசாகப் போடுங்கள். வாசலில் நின்று உள்ளே பார்க்கிற மாதிரி படம் இருக்கணும். வாசல் கீழே, எதிர்ச் சுவர் மேலே. தாளைத் திருப்பவே கூடாது.

ரெண்டாவது கலர். நீங்கள் போனில் அழகாகச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அனுப்புவீங்க. இங்கே ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில்தான் எடுப்போம், ஏன்னா போனைச் சிமெண்ட் கையோடு தொட முடியாது. ஜெராக்ஸில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். எங்கள் ஆளில் ஒருத்தருக்கு நேரில் பார்த்தாலே சிவப்பும் பச்சையும் பிரியாது. அதனால் கல்லுக்குள்ளே எழுத்து போடுங்கள், அதே எழுத்தைக் கல் பின்பக்கமும் மார்க்கரில் எழுதி அனுப்புங்கள். கலரை நம்பி விடாதீங்க.

மூன்றாவது, ஆரம்பிக்கிற கல். அறைக்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிற நூல் ரெண்டும் சந்திக்கிற இடத்தைப் படத்தில் காட்டுறீங்க, சரி. அங்கே பூவின் நடு வருதா, ரெண்டு பூவுக்கு இடைப்பட்ட கோடு வருதா? 8 பூ வருகிற பக்கம் இடைக்கோடுதான் நடுவில் வரும், 7 பூ என்றால் பூவே நடுவில் வரும். அந்த முதல் நாலு கல்லைத் தனியாகப் பெரிசாக வரைந்து மூலையில் வையுங்கள். நாங்கள் கலவை போடாமல் அந்த நாலையும் சும்மா அடுக்கிப் போட்டோ அனுப்புவோம். நீங்கள் சரி என்று சொன்னால்தான் ஒட்டுவோம். போட்டோவில் தரை மட்டும்தான் இருக்கும், வீடு தெரியாது.

ஆத்தங்குடிப் பட்டறை எழுதியது:

தம்பி, வாசலைக் கீழே வைப்பதும் முதல் நாலு கல்லைப் பெரிதாகக் காட்டுவதும் இந்த ஆர்டரிலிருந்தே வந்துவிடும். சிவப்புக்கு 'சி', பச்சைக்கு 'ப' என்று வைத்தால் தமிழ் தெரியாதவர் தடுமாறுவார், அதனால் 1, 2, 3 என்று எண்ணே போடுகிறேன். வீட்டின் குறியெழுத்துக்கும் இந்த எண்ணுக்கும் குழப்பம் வராமல், கல்லின் எண்ணைச் சுற்றி வட்டம்.

தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு கேள்வி பாக்கி. மாமாவின் பழைய ஆர்டர் பட்டியல் முழுவதும் ஒரு டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. புதுச் செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கன்னாபின்னாவென்று வருகிறது, தேடவும் முடியவில்லை. நெட்டில் மாற்றித் தருகிற தளங்கள் இருக்கின்றனவே, அதில் போடலாமா?

தேவகோட்டைக்காரன் எழுதியது:

அக்கா, இப்போதைய செயலிகள் படிக்கிற யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றினால்தான் தேடலுக்குச் சிக்கும். ஆனால் அது வாடிக்கையாளர் பட்டியல், தெரியாத தளத்தில் அப்படியே ஒட்டாதீங்க. விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போடுங்கள், நெட் இல்லாமலே ஓடும், பாமினியையும் மாற்றும். தளத்தில்தான் செய்ய வேண்டும் என்றால் பக்கத்தைத் திறந்துவிட்டு நெட்டை அணையுங்கள். அணைத்த பிறகும் மாறுகிறது என்றால் வேலை உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அப்புறம் நெட்டை ஆன் செய்யுங்கள். மாறவில்லை என்றால் அது உங்கள் பட்டியலைச் சர்வருக்கு அனுப்புகிற தளமாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும். பாமினியில் ஆங்கில எழுத்தையே தமிழாகக் காட்டுவதால், இடையில் ஆங்கிலத்தில் அடித்த ஊர் பெயர், லாரி எண் எல்லாம் மாற்றும்போது தமிழெழுத்தாகிச் சிதறிவிடும். மாற்றியதும் அந்த வரிகளை மட்டும் பழைய பிரிண்டோடு வைத்து ஒத்துப் பாருங்கள்.